பல பிட்ச் பாறையேற்றம்: சுயமீட்பில் எதை முதலில் கற்பது?

ஊசிப்பாறை எழுதியது:

பெங்களூருக்கு அருகே உள்ள சாவன்துர்கா கருங்கல் மலையில் இதுவரை பெரியவர்கள் முன்னே போக, இரண்டாவதாகத்தான் ஏறி வந்தேன். வரும் குளிர்காலத்தில் நானும் என் கூட்டாளியும் மட்டும் போய், மாறி மாறி லீட் செய்வதாக (கயிற்றோடு முன்னால் ஏறுவதாக) இருக்கிறோம். பாறையில் போல்ட் அடித்த, ஒற்றைப் பிட்ச் (ஒரு கயிற்று நீளத்துக்குள் முடியும் ஏற்றம்) வழிகளில் இருவருக்கும் நல்ல பழக்கம் உண்டு. ராப்பெல் (கயிற்றில் இறங்குவது) தெரியும், ஆங்கர் (பாறையில் எங்களைக் கட்டி நிறுத்தும் பிடிமானம்) கட்டத் தெரியும். ஆனால் நான்காவது பிட்சில் ஒருவருக்குக் கணுக்கால் உடைந்தால் மற்றவர் என்ன செய்வார் என்று என் அக்கா கேட்டபோது, எங்களிடம் பதில் இல்லை.

வீடியோக்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 3:1, 5:1, 6:1 என்று, விசையைப் பெருக்கி இழுக்கும் அமைப்புகளே ஏகப்பட்டவை. இரண்டு கப்பி, பல் வைத்த பிடிப்பான் ஒன்று, துணைக்கயிறு 20 மீட்டர் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். வாங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

கருங்கல் எழுதியது:

கப்பிக்கான பணம் பையிலேயே இருக்கட்டும் தம்பி.

இருவர் மட்டும் போகும் ஏற்றத்தில், அடிபட்டவரை மேலே இழுப்பது கடைசி வழி. தாளில் 3:1 என்று இருப்பது, கப்பி இல்லாமல் காரபைனர்களில் (கொக்கி வளையங்களில்) கயிறு திரும்பும்போது 2:1கூடத் தேறாது. அதற்கு மேல் சாவன்துர்கா போன்ற சரிந்த கருங்கல்லில் கயிறு உரசுவதும் சேரும். அப்படியே எல்லாம் சரியாக அமைந்தாலும், ஆளை 30 மீட்டர் தூக்க 90 மீட்டர் கயிற்றைக் கையால் வாங்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ப்ருசிக்கை (கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் சிறு கயிற்று முடிச்சை) கீழே தள்ளி மறுபடி தொடங்க வேண்டும். மேலே கொண்டுவந்த பிறகும் நீங்கள் இருப்பது பாறையின் நடுவில்தான். அங்கிருந்து அவரைக் கீழே கொண்டுபோகத்தானே போகிறீர்கள்? இறங்குவதற்குப் புவியீர்ப்பு கூலி கேட்காமல் உழைக்கும். முதலில் இறங்கும் வித்தைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்.

என் வரிசை இது. ப்ருசிக் முடிச்சும் அதன் உறவினர்களும் முதலில். அடுத்தது முண்டர் முடிச்சு (காரபைனரில் போட்டு உராய்வால் கயிற்றைத் தடுப்பது), அதைப் பாரத்தோடு பூட்டுவது, பாரத்தோடே திறப்பது. மூன்றாவது, கைடு முறையில் (ஆங்கரிலேயே நேராக) மாட்டிய தட்டிலிருந்து, அதாவது கயிற்றைத் தடுக்கும் கருவியிலிருந்து, இரண்டாமவரைக் கட்டுப்பாட்டோடு கீழே இறக்குவது. நான்காவது, அடிபட்டவரைக் கூடவே மாட்டிக்கொண்டு ராப்பெல் இறங்குவது. இந்த நான்கும் இருட்டில், கையுறையோடு, தூக்கக் கலக்கத்தில் வர வேண்டும். அதன் பிறகு 3:1 பற்றிப் பேசலாம்.

இரண்டாவதைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அதுதான். பேரிக்காய் வடிவப் பூட்டுக் காரபைனரில் முண்டர் போடுகிறீர்கள். தடுக்கும் இழையை ஒரு கை விடாமல் பார்த்துக்கொள்ள, அதே இழையில் ஒரு கண்ணி எடுத்து, பாரம் தாங்கும் இழையைச் சுற்றி இழுக்கும் முடிச்சாகப் போட்டு இறுக்குகிறீர்கள். இது மியூல். இப்போது கையை விடலாம். ஆனால் மியூலின் வாலை ஏதாவது இழுத்தால் அவிழ்ந்துவிடும் என்பதால், மிஞ்சிய கண்ணியைப் பாரம் தாங்கும் இழையோடு சேர்த்து இன்னொரு சாதாரண முடிச்சாகப் பூட்ட வேண்டும். கண்ணி குறைந்தது ஒரு முழமாவது இருக்கட்டும். சின்னதாக விட்டால் பூட்டும்போது கயிறு போதாமல் விரல் மாட்டும். திறக்கும்போது பூட்டை அவிழ்த்து, தடுக்கும் இழையைப் பிடித்துக்கொண்டு மியூலை இழுத்தால் பாரம் நேராக முண்டருக்கு வந்து, மெல்ல இறக்கலாம்.

உங்கள் காரபைனரின் தண்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் 'எச்' எழுத்து இருந்தால், அது இந்த முடிச்சுக்கென்றே வடிவமைத்தது. வெர்னர் முண்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி பரப்பிய முறை. தட்டு கைதவறிக் கீழே போய்விட்டால் மிச்ச நாளை ஓட்டுவதும் இதை வைத்துத்தான்.

வால்காக்கை எழுதியது:

கருங்கல் சார் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஒன்றை மட்டும் கேட்கிறேன். எல்லாப் பயிற்சி வகுப்பிலும் முதல் பாடமாக, பிலேயிலிருந்து (கூட்டாளியின் கயிற்றைப் பிடித்துக் காப்பதிலிருந்து) விடுபடுவது என்று ஒரு சடங்கு நடத்துகிறார்கள். தட்டைக் கட்டி, ப்ருசிக் போட்டு, பாரத்தை ஆங்கருக்கு மாற்றி, வெளியே வந்து, கைதட்டல். வெளியே வந்து எங்கே போவது? பக்கத்து ஊரான மாகடிக்கு நடந்து போய் ஜீப் பிடிக்கவா? அடிபட்டவரைக் கயிற்றில் தொங்கவிட்டுப் போகும் சூழல் இருவர் குழுவுக்கு எத்தனை முறை வரும்?

நிஜத்தில் அடிக்கடி நடப்பவை வேறு. ராப்பெல் கயிறு இழுக்கும்போது சிக்குவது. இரண்டாமவர் கடினமான இடத்தில் ஏற முடியாமல் நிற்பது. வழி தவறி ஆங்கர் இல்லாத இடத்துக்கு இறங்கிவிடுவது. இவற்றைப் பற்றி வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. அதோடு, கிரிகிரி மாதிரித் தானாகப் பிடிக்கும் கருவி இருந்தால் தட்டைக் கட்டும் படலமே பாதி குறைந்துவிடுகிறது. ஒரு முடிச்சைப் பின்னால் போட்டு, கையை எடுத்தாயிற்று.

மருதமலையாள் எழுதியது:

வால்காக்கை, உங்கள் எடை என்ன?

என் எடை 50க்குச் சற்று மேல். என் கூட்டாளி 85. அவர் விழுந்தால், ஆங்கரோடு என்னைக் கட்டிய ஸ்லிங் (பட்டை வளையம்) இழுபடும் வரை நான் மேலே போவேன். அந்த நிலையில் என் ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை) மேலே ஒரு பக்கம், கீழே ஆங்கர் ஒரு பக்கம் என்று இழுக்க, நடுவில் நான். இடுப்பு நசுங்குகிறது, திரும்ப முடியாது, முதலுதவிப் பைக்குக் கை எட்டாது. அவர் மயக்கமாக இல்லாவிட்டாலும், அவர் ஒரு போல்ட்டில் தன்னை மாட்டிக்கொள்ளும் வரை அந்தப் பாரம் என் உடம்பில் இருக்கக் கூடாது. கிரிகிரி கயிற்றைப் பிடிக்கும். என்னை அதிலிருந்து கழற்றாது. ஆகவே விடுபடுவது என்றால் ஊருக்கு நடந்துபோவது மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கையும் யோசிக்க ஒரு நிமிடமும் கிடைப்பதே பெரிய விஷயம்.

இழுப்பது பற்றி: 85 கிலோவை நான் எந்த அமைப்பில் இழுத்தாலும் அசையாது. இதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் குழுவுக்குத் திட்டம் ஒன்றே ஒன்று: கீழே.

ஊசிப்பாறை எழுதியது:

மருதமலையாள் அக்கா சொன்னது எங்களுக்கும் பொருந்தும், எங்களிடையே 20 கிலோ வித்தியாசம்.

ஒரு கேள்வி. கயிறு 60 மீட்டர். லீட் செய்பவர் 32 மீட்டர் மேலே போய் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை அப்படியே பிலே நிற்கும் இடத்துக்கு இறக்க முடியாது அல்லவா? அப்போது என்ன?

கருங்கல் எழுதியது:

சரியான கேள்வி. சுயமீட்பில் உண்மையிலேயே கடினமான இடம் இதுதான்.

கணக்கு: கடைசி போல்ட் 32 மீட்டரில். உங்களிடமிருந்து அதுவரை 32 மீட்டர் கயிறு. மிச்சம் 28. அவரை இறக்கினால் சுமார் நான்கு மீட்டர் உயரத்தில் வந்து நின்றுவிடுவார். கயிற்றின் உங்கள் முனை உங்கள் ஹார்னஸில் கட்டியிருப்பதால் தட்டைத் தாண்டி ஓடாது. அதனால்தான் முனையைக் கட்டாமல் யாரும் பிலே கொடுக்கக் கூடாது என்று அடித்துக்கொள்கிறோம்.

அவர் நினைவோடு இருந்தால் இது பெரிய சிக்கலே இல்லை. இறக்கும் வழியில், எட்டும் தூரத்தில் உள்ள கடைசி போல்ட்டில் ஸ்லிங் போட்டு மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அந்தச் சில மீட்டரை ஏறிப் போய்ச் சேரலாம். சரிவான பாறையில் இது நடக்கிற காரியம்.

நினைவில்லை என்றாலும் முதல் வேலை, கயிறு அனுமதிக்கும் வரை இறக்குவதுதான். 28 மீட்டர் இறங்கிவிட்டால் மிச்சம் நான்கு. அந்த நான்கு மீட்டருக்காகத்தான் வால்காக்கை கிண்டல் செய்த சடங்கு தேவைப்படுகிறது.

தட்டை மியூல் போட்டுப் பூட்டுங்கள். இரண்டு கையும் கிடைத்தது. பாரம் தாங்கும் இழையில் ப்ருசிக் போடுங்கள். அந்த ப்ருசிக்கை ஆங்கரோடு நேராக மாட்டாதீர்கள். நடுவில் ஒரு நீளக் கயிறு வைத்து, ஆங்கர் முனையில் முண்டர், மியூல், பூட்டு. பின்னால் பாரத்தோடு தளர்த்த வேண்டி வரும், அப்போது இதன் அருமை தெரியும். இப்போது தட்டில் போட்ட மியூலை மெல்லத் திறந்து, பாரம் ப்ருசிக்குக்குப் போகும் வரை கயிற்றை விடுங்கள். ஒரு முழம் போனால் போதும். ப்ருசிக் பிடித்ததைக் கண்ணால் பாருங்கள், கையால் தடவிப் பாருங்கள். அதை மட்டும் நம்பி நிற்காமல், தட்டுக்குப் பின்னால் உள்ள முக்கியக் கயிற்றை ஆங்கரில் இன்னொரு முண்டர் மியூலாகப் பூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் தட்டைக் கழற்றலாம். கயிறு முழுக்க ஓடி முனை தட்டுக்கே வந்துவிட்டால் இந்தப் பூட்டைப் போட இடம் இருக்காது. ஆகவே கடைசி இரண்டு மூன்று மீட்டரை மிச்சம் வைத்தே நிறுத்துங்கள்.

பாரத்தில் உள்ள அதே கயிற்றில் இரண்டு ப்ருசிக் வைத்து மேலே ஏறுகிறீர்கள்: ஒன்று ஹார்னஸுக்கு, ஒன்று காலுக்கு. ஏறும்போது பக்கத்தில் வரும் போல்ட்டுகளில் உங்களை ஸ்லிங் போட்டு மாட்டிக்கொண்டே போங்கள். காரணம்: மேலே உள்ள அந்த ஒரே போல்ட் இப்போது அவரையும் உங்களையும் சேர்த்துத் தாங்குகிறது.

இவ்வளவையும் நன்றாகப் பழகியவர் செய்தாலே கணிசமான நேரம் ஆகும். ஆகவே என் உண்மையான பதில் வேறு: அந்த நிலைமைக்குப் போகாதீர்கள். கயிற்றின் நடுக்குறி தட்டைத் தாண்டும்போது பிலே கொடுப்பவர் "பாதி!" என்று உரக்கக் கத்த வேண்டும். அதற்கு மேல் விழுந்தால் நேராக இறக்க முடியாது என்று இருவருக்கும் அந்த நொடியே தெரியும். நடுவில் ஆங்கர் இருந்தால், இரண்டு பிட்சை ஒன்றாக இணைக்கும் வீரத்தைக் கொஞ்சநாள் ஒத்திவையுங்கள்.

வேல்ஸ்வாசி எழுதியது:

வணக்கம். நான் வட வேல்ஸில் இருக்கிறேன், இங்கே பெரும்பாலும் போல்ட் கிடையாது. விரிசலில் செருகி எடுக்கும் நட்டும் கேமும் வைத்து ஏறுகிறோம். கருங்கல் அண்ணா சொன்னதோடு இரண்டு சேர்க்க வேண்டும்.

லீட் செய்பவர் விழுந்து தொங்கும்போது ஆங்கருக்கு வரும் இழுப்பு மேல்நோக்கியது. போல்ட்டுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். ஆனால் கீழ்நோக்கிய இழுப்புக்காக விரிசலில் பொருத்திய நட்டுகள் மேலே இழுத்தால் சொடக்குப் போடும் நேரத்தில் வெளியே வந்துவிடும். பாரத்தை ஆங்கருக்கு மாற்றும் முன், மேல்நோக்கித் தாங்கும் ஒரு பொருத்தாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிலே கொடுப்பவரின் உடல் எடையையும் ஆங்கரின் கீழ்ப்பக்க எடையாகப் பயன்படுத்த வேண்டியிருக்கும். அதேபோல, விழுந்தவரைத் தாங்கிய ஒற்றை நட்டை நம்பி இன்னொருவர் கயிற்றில் ஏறுவது என்பதை இங்கே யாரும் எளிதாகச் செய்யமாட்டார்கள். தனியாகப் பாதுகாப்பு வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறுவார்கள், அல்லது உதவி வரும் வரை காத்திருப்பார்கள்.

காத்திருக்க முடிகிறது என்பதுதான் பெரிய வேறுபாடு. இங்கே 999ஐ அழைத்து, போலீஸ் வழியாக மலை மீட்புக் குழுவைக் கேட்டால் தன்னார்வலர்கள் வருவார்கள், தேவைப்பட்டால் கடலோரக் காவல் ஹெலிகாப்டரும் வரும். கட்டணம் கிடையாது. நம் ஊரில் பாறை ஏறுபவர்களுக்கு அந்த வசதி எங்கே?

வால்காக்கை எழுதியது:

அதைத்தான் நான் சொல்ல வந்தேன். 2022 பிப்ரவரியில் பாலக்காடு அருகே மலம்புழாவில் ஓர் இளைஞர் குறும்பாச்சி மலையின் பாறை இடுக்கில் சிக்கியது நினைவிருக்கும். ஹெலிகாப்டர் வந்தும் நெருங்க முடியவில்லை. நீலகிரியின் வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவத்தினர் வந்து, 40 மணி நேரத்துக்கும் அதிகமான பிறகுதான் அவரை மேலே கொண்டுவந்தார்கள். அவர்கள் செய்தது அருமையான வேலை. ஆனால் அவர் அடிபட்டுத் தலைகீழாகக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த நேரம் யாருக்கு உதவும்? 112ஐ அழைக்க வேண்டியதுதான். ஆனால் அழைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

விடுபடுவது பற்றி மருதமலையாள் சொன்னதை ஏற்கிறேன். எடையைக் கேட்டதற்கு விடை: 74.

செவிலித்தாய் எழுதியது:

விபத்துப் பிரிவில் வேலை பார்க்கிறேன், பாறையில் கற்றுக்குட்டி. இந்த உரையாடல் முழுக்க முடிச்சு பற்றியே ஓடுகிறது. கயிற்றுக்கு மறுமுனையில் உள்ள உடம்பையும் கொஞ்சம் பேசலாமா?

மயக்கமான ஒருவர் ஹார்னஸில் தலை தொங்கிக் கிடந்தால் மூச்சுப்பாதை அடைபடும். அசையாமல் தொங்குவதே ஆபத்து. கால் தசை வேலை செய்யாததால் ரத்தம் இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. ஆகவே அவரை ஒரு திட்டுக்கு இறக்கிப் படுக்கவைப்பது மற்ற எல்லாச் சிகிச்சைக்கும் முன்னால் வருகிறது. அதற்கு முன்பே அவரை எட்ட முடிந்தால், தலையை நிமிர்த்தி, மார்பைச் சுற்றி ஒரு ஸ்லிங் போட்டு முக்கியக் கயிற்றோடு இணைத்து நிமிர்ந்து இருக்கும்படி செய்யுங்கள். மார்பை நெரிக்காமல். நினைவோடு தொங்குபவரிடம் காலை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு ஸ்லிங்கைக் கால்மிதியாகக் கொடுங்கள்.

இதற்கு விலக்கு ஒன்றுதான்: எட்டும் நிலையில் பெரிய ரத்தப்போக்கு இருந்தால் அதை நிறுத்திவிட்டுத்தான் அமைப்பு கட்டுவது எல்லாம். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பேச்சு குழறத் தொடங்கினால் அது உங்களுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. பையில் அவசரக் கட்டும் துணி, ஒரு முக்கோணத் துணி, உடைந்த எலும்புக்கு அணை கொடுக்க ஏதாவது, வெப்பம் காக்கும் போர்வை. நீங்கள் இருவரும் கப்பிக்குச் செலவழிப்பதைவிட ஒரு முதலுதவி வகுப்புக்குச் செலவழிக்கலாம்.

கருங்கல் எழுதியது:

அம்மா, இந்த உரையாடலிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

தேன்கூடு எழுதியது:

யாருமே தேனீயைப் பற்றிப் பேசவில்லையே! சாவன்துர்கா, ராமநகரா இரண்டிலும் பாறையின் மேல்விளிம்பில் மலைத்தேனீ அடைகள் தொங்கும். மூன்றாவது பிட்சில் கூட்டம் கிளம்பினால் ப்ருசிக், முண்டர், மியூல் எல்லாம் போட நேரம் ஏது?

மருதமலையாள் எழுதியது:

நேரம் இருக்காது. ஆகவே தேனீக்கு மீட்பு கிடையாது, தவிர்ப்பு மட்டும்தான். போவதற்கு முன் கீழேயிருந்து தொலைநோக்கியில் அடைகளைப் பார்த்து, அந்த வழியை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். வாசனைத் தைலம், புகை, கூச்சல், கல் உருட்டுவது எதுவும் கூடாது. லீட் செய்பவர் போல்ட்டில் இருக்கும்போது கூட்டம் வந்தால் ஒரே நொடி முடிவு: இறக்கு. அதற்குத்தான் மேலே சொன்ன நடுக்குறி. பாதிக் கயிறு தாண்டாமல் இருந்தால், அவரை நேராக உங்களிடம் இறக்கி, இருவரும் ராப்பெலுக்குத் தயாராகலாம். ஆங்கரில் நின்றுகொண்டிருக்கும்போது ராப்பெல் கயிற்றை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பதும் உதவும். முகத்தை மூடும் மெல்லிய வலை ஒன்று ஹெல்மெட்டுக்குள் மடித்து வைத்தால் எடையே தெரியாது.

வேல்ஸ்வாசி எழுதியது:

ஊசிப்பாறை, கயிற்றில் இருக்கும் முடிச்சைத் தாண்டுவதையும் கற்க வேண்டும். ராப்பெலில் இரண்டு கயிற்றை ஒரே நீளமாக இணைத்து இறங்கும்போது அல்லது கயிறு அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு இறங்கும்போது அந்த முடிச்சு தட்டுக்கு வந்து நின்றுவிடும்.

1936 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடக்குச் சுவரில், டோனி குர்ட்ஸ் என்ற மலையேறிக்கு நடந்தது இதுதான். கூட வந்த மூவரும் இறந்துவிட்ட பிறகு தனியாகத் தொங்கியவருக்குக் கீழேயிருந்து கயிறு அனுப்பினார்கள். அது நீளம் போதாமல் இன்னொன்றைச் சேர்த்துக் கட்டினார்கள். இறங்கிவந்தபோது அந்த இணைப்பு முடிச்சு அவருடைய காரபைனரில் சிக்கியது. மீட்க வந்தவர்கள் சில மீட்டர் கீழேதான் நின்றார்கள். ஒரு கை உறைந்துபோயிருந்தது, உடம்பில் தெம்பில்லை. அவரால் முடிச்சைத் தாண்ட முடியவில்லை. அங்கேயே இறந்தார். 1985இல் பெருவின் சியூலா கிராண்டேயிலும் கால் உடைந்த ஜோ சிம்ப்சனை அவருடைய கூட்டாளி இரண்டு கயிற்றை இணைத்துத்தான் இறக்கினார். ஒவ்வொரு முறை முடிச்சு வந்தபோதும் அவர் ஒற்றைக் காலில் நின்று கயிற்றைத் தளர்த்தினால்தான் மேலே இருந்த அந்தக் கூட்டாளி சைமன் யேட்ஸ் முடிச்சைத் தட்டுக்கு அப்பால் மாற்ற முடிந்தது. விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியபோது அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. ப்ருசிக் வைத்து ஏற முயன்றதில் உறைந்த விரல்களிலிருந்து ஒரு வளையம் நழுவிப் போனது.

இன்றைய முறை சிக்கலானதில்லை. தட்டை ஸ்லிங்கில் நீட்டி மாட்டியிருந்தால், அதற்கு மேலே பாரத்தோடு திறக்கும்படி ஒரு ப்ருசிக் போட்டு அதில் தொங்கி, தட்டை முடிச்சுக்குக் கீழே மாற்றிப் போட்டு, மறுபடி தட்டுக்கு வருவது. ப்ருசிக் வளையங்களை எப்போதும் ஹார்னஸில் மாட்டிய நிலையிலேயே கையாளுங்கள்.

வால்காக்கை எழுதியது:

ராப்பெல் கயிறு சிக்கும் கதையையும் சேர்த்துவிடுகிறேன். இழுக்கும்போது கயிறு நின்றுவிட்டது. இரண்டு முனையும் இன்னும் கையில் இருந்தால், இரண்டு இழையையும் சேர்த்து ப்ருசிக் போட்டு ஏறலாம், பரவாயில்லை. ஒரு முனை ஏற்கெனவே மேலே போய்விட்டால், எங்கே எதில் சிக்கியிருக்கிறது என்று தெரியாத ஒற்றை இழையில் ஏறாதீர்கள். அது எந்த நொடியும் விடுபடும். கையில் உள்ள கயிற்று நீளத்தை வைத்து, கூட்டாளி பிலே கொடுக்க, லீட் செய்து ஏறிப்போய் எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கையில் உள்ளதை அறுத்துக்கொண்டு சின்னச் சின்ன ராப்பெலாக இறங்கலாம். கயிறு போனால் போகட்டும்.

ஊசிப்பாறை எழுதியது:

கைடு முறையில் மாட்டிய தட்டிலிருந்து இறக்குவதை யாராவது சொல்வீர்களா? எங்கள் பயிற்சியில் சின்னத் துளையில் காரபைனரை விட்டு ஆட்டினால் போதும் என்று ஒருவர் காட்டினார்.

கருங்கல் எழுதியது:

அப்படி ஆட்டி ஓரிரு சாண் கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அந்தத் தட்டு சாய்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக விடாது. பிடித்திருந்தது ஒரே மூச்சில் விட்டுவிடும். ஆகவே தட்டை அசைக்கும் முன் தடுக்கும் இழைக்குக் காவல் போடுங்கள். அந்த இழையை ஆங்கரில் மேலே உள்ள ஒரு காரபைனர் வழியாகத் திருப்பி, அதில் சுற்றுப் ப்ருசிக் போட்டு உங்கள் ஹார்னஸில் மாட்டுங்கள். கொஞ்சம் கீழே ஒரு முடிச்சும் போட்டு வையுங்கள். அதன் பிறகு மெல்லிய ஸ்லிங்கைத் தட்டின் சின்னத் துளையில் கோர்த்து, ஆங்கரின் உயரமான காரபைனர் வழியாகக் கொண்டுவந்து, உங்கள் உடம்பு எடையைப் பயன்படுத்தித் தட்டைச் சாய்க்க வேண்டும். ஒரு கை தடுக்கும் இழையை விடவே கூடாது. உராய்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

தட்டு வகைகளில் ரிவர்சோ, ஏடிசி கைடு இரண்டும் இதற்கு ஒன்றுதான். நீளமாக இறக்க வேண்டியிருந்தால், பாரத்தை ஒரு ப்ருசிக்குக்கு மாற்றி, தட்டைக் கழற்றி முண்டரில் போட்டு இறக்குவதை நான் விரும்புவேன். கயிறு முறுக்கிக்கொள்ளும், ஆனால் ஓட்டம் உங்கள் கையில் இருக்கும்.

மருதமலையாள் எழுதியது:

பழகுவது எப்படி என்று சொல்லி முடித்துவிடலாம். பாறையில் தொடங்காதீர்கள். வலுவான மரத்தில் இரண்டு ஸ்லிங் சுற்றி ஆங்கர், கால்கள் தரையில், மணல் மூட்டைதான் அடிபட்டவர். அவருக்கு வலிக்காது, புலம்பமாட்டார். முடிச்சு மாற்றங்கள் கைக்கு வந்த பிறகு, ஒற்றைப் பிட்ச் பாறையில் ஆளை வைத்து, மேலேயிருந்து மூன்றாமவர் தனிக் கயிற்றில் தனியாகப் பிலே கொடுக்கப் பழகுங்கள். அந்த மூன்றாமவர் இல்லாமல் உண்மையான ஆளைத் தொங்கவிட்டுப் பழகாதீர்கள். ஒருவர் முழுவதும் செய்து முடித்ததும் இடம் மாறுங்கள். லீட் செய்வதில் கெட்டிக்காரர் அடிபட, மற்றவர் ஒன்றும் தெரியாமல் நிற்பதுதான் பல குழுக்களின் நிலை.

வகுப்பு வேண்டுமென்றால், பெங்களூரில் ஜெனரல் திம்மையா தேசிய சாகசப் பயிற்சி அகாடமி பாறையேற்ற வகுப்புகள் நடத்துகிறது. உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனத்தில் தேடல், மீட்புக்கென்றே தனிப் பயிற்சி உண்டு. ஆனால் அது மேம்பட்ட பயிற்சியை முடித்தவர்களுக்கு, பனிமலையையும் சேர்த்தது.

ஊசிப்பாறை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கப்பிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புளியமரத்தில் தொடங்குகிறோம். ப்ருசிக்குக்கு எந்தக் கயிறு? டைனீமா (ஒருவகைச் செயற்கை இழை) ஸ்லிங் ஏற்கெனவே இருக்கிறது, அதையே போடலாமா? எங்கள் கயிறு 9.8 மி.மீ.

வால்காக்கை எழுதியது:

டைனீமாவை உராயும் முடிச்சுக்குப் பயன்படுத்த வேண்டாம். வழவழப்பாக இருக்கும், உருகுநிலையும் நைலானைவிட மிகக் குறைவு, சுமார் 145 டிகிரிதான். பாரத்தோடு வழுக்கினால் சூடேறும். நைலான் 6 மி.மீ. வாங்குங்கள். புதிதாக வாங்கியது விறைப்பாக இருந்தால் மூன்று சுற்றில் பிடிக்காது, நான்கு போடுங்கள்.

கருங்கல் எழுதியது:

நீளம் ஒன்றரை மீட்டரில் இரண்டு துண்டு, வளையமாகக் கட்ட. இரட்டை மீனவ முடிச்சு, வால் 6 செ.மீ.க்குக் குறையாமல். கூடவே 7 மி.மீ.யில் ஆறு மீட்டர் ஒன்று, பாரத்தை மாற்றும் நீளக் கயிறாக. புளியமரத்தில் கிளையில் கட்டாதீர்கள், அடிமரத்தில் கட்டுங்கள். முதல் நாள் முண்டர் மியூல் மட்டும் போதும். இடது கையாலும் போட வரும் வரை அடுத்ததுக்குப் போக வேண்டாம். சிக்கினால் இங்கேயே கேளுங்கள், படம் போட்டால் இன்னும் நல்லது.